மண்ணைத் தட்டி எண்ணிப் பார்க்கச் சொன்னவர்



போன மாதத் தாளில் எட்டாம் வகுப்புக்காரங்க மேரி கியூரியைப் பற்றி எழுதி இருந்தாங்க. இந்த மாதம் எங்க வகுப்பு முறை. யாரைப் பற்றி எழுதலாம்னு பேச்சு வந்தப்ப, மண்ணைப் படிச்ச ஒருத்தரைப் பற்றி நான் எழுதுறேன்னு எழுந்து நின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மண்ணுல படிக்க என்ன இருக்குன்னு பின் பெஞ்சில் இருந்து ஒரு குரல் வந்தது. இந்தத் தாளில் அதுக்குத்தான் பதில் எழுதி இருக்கேன்.

அவர் பெயர் கார்ல் டெர்சாகி. நம்ம ஊரில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. எனக்கும் போன வருஷம் வரை தெரியாது. ஆனா உலகம் முழுக்க வீடு, பாலம், அணை கட்டுற இன்ஜினியர்களுக்கு அவர் பெயர் தெரியும். மண் இயந்திரவியலின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள்.

எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு முதலில் சொல்லிடறேன். நம்ம பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி புது வகுப்பறை கட்டப் போறாங்கன்னு மண் பரிசோதனை செய்ய ஆள் வந்தாங்க இல்லையா? நீங்களும் வேலி ஓரமா நின்னு பார்த்திருப்பீங்க. மூணு கால் வச்ச ஒரு உயரமான கம்பம். அதில் கயிறு. கயிற்றில் ஒரு இரும்புக் குண்டு. அதை மேலே தூக்கி விடுவாங்க, டங்குன்னு ஒரு கம்பி மேல விழும். நாம எல்லாம் அதை போர் போடுறாங்கன்னு நினைச்சோம். தண்ணி எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தோம். அந்தக் கூட்டத்தில் ஒரு இன்ஜினியர் அக்கா இருந்தாங்க. தண்ணிக்கு இல்ல, மண்ணு எவ்வளவு பலமா இருக்குன்னு பார்க்கிறோம்னு சொன்னாங்க. என்னைக் கூப்பிட்டு, அடி விழுறதை எண்ணுறியான்னு கேட்டாங்க. எனக்கு ஒரே சந்தோஷம். மூணு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் எண்ணினேன். அந்த அக்காதான் டெர்சாகி பெயரைச் சொன்னாங்க. மீதியை நம்ம அறிவியல் ஆசிரியர் புத்தகம் பார்த்துச் சொன்னார்.

நான் ஏன் அவ்வளவு ஆசையா எண்ணினேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்க அப்பா கொத்தனார். எங்க வீட்டை அப்பாவே கட்டினாரு. கட்டி ரெண்டு மழைக்காலம் போனதும் கிழக்கு மூலைச் சுவரில் ஒரு விரிசல் வந்தது. செங்கல் செங்கலாகப் படிக்கட்டு மாதிரி ஏறிப் போகும். முதலில் நூல் மாதிரி இருந்தது, இப்ப என் சுண்டுவிரல் நுழையும். அந்த அறையில் தம்பியைப் படுக்க விடக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. கொத்தனார் வீட்டுச் சுவரே வெடிச்சிருக்கு பாருன்னு கடைத்தெருவில் சில பேர் கேலி பேசுவாங்க. அப்பா பதில் சொல்ல மாட்டாரு. சிமெண்ட் சரியில்லையோ, மணல் உப்போன்னு ராத்திரி தனியா யோசிச்சுக்கிட்டு இருப்பாரு.

சரி, டெர்சாகிக்கு வருவோம்.

அவர் 1883ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி பிராக் நகரத்தில் பிறந்தார். அன்னைக்கு நமக்கு காந்தி ஜெயந்தி லீவு, அதனால் தேதி மறக்கவே மறக்காது. பிராக் இப்ப செக் நாட்டின் தலைநகரம். அப்ப அது ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசில் இருந்தது. அப்பா ராணுவ அதிகாரி. பையனையும் பத்து வயதில் ராணுவப் பள்ளி விடுதியில் சேர்த்தாங்க. ஆனா அவருக்கு ராணுவத்தில் ஆசை இல்லை. நட்சத்திரம், பூகோளம், கணக்கு இதில்தான் ஆசை. பிறகு கிராஸ் என்ற ஊரில் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்தார்.

பெரிய மேதைன்னா சின்ன வயசிலிருந்தே அடக்கமா இருந்திருப்பாருன்னு நினைக்காதீங்க. கல்லூரியில் சேட்டை பண்ணி, வெளியே அனுப்புற நிலைமை வரைக்கும் போயிட்டார். விட்டன்பவர் என்கிற பேராசிரியர்தான் அவருக்காகப் பேசிக் காப்பாற்றினார். 1904ல் பட்டம் வாங்கினார். இயந்திரம் படித்தவருக்கு இயந்திரத்தில் மனசு ஒட்டவில்லை. மலை ஏறுவார், பாறைகளைப் பார்ப்பார். ராணுவத்தில் கட்டாயமாக ஒரு வருஷம் இருந்தபோது கூட, ஆங்கிலத்தில் இருந்த ஒரு நிலவியல் புத்தகத்தை ஜெர்மன் மொழியில் மொழிபெயர்த்து முடித்தார்.

அப்புறம் கட்டுமான வேலைக்குப் போனார். குரோஷியா, ரஷ்யா என்று பல இடம். போன இடத்தில் எல்லாம் ஒரே விஷயத்தைப் பார்த்தார். பாலத்துக்கு இரும்பு எவ்வளவு வேணும்னு கணக்கு இருக்கு. தூணுக்குக் கல் எவ்வளவு தாங்கும்னு கணக்கு இருக்கு. ஆனா அந்தத் தூண் நிக்கிற மண்ணு எவ்வளவு தாங்கும்னு கேட்டா மட்டும் எல்லாரும் அனுபவத்தைச் சொல்றாங்க. காலால் மிதிச்சுப் பார்த்து, கடப்பாரையால் குத்திப் பார்த்துச் சொல்றாங்க. சில நேரம் சரியா வரும், சில நேரம் கட்டிடம் சாயும். (எங்க அப்பாவும் குதிங்காலால் மிதிச்சுத்தான் பார்ப்பாரு.)

1912ல் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு அமெரிக்கா போனார். அங்கே அணைகள் நிறைய கட்டிக்கொண்டு இருந்தார்கள். ஒவ்வொரு அணையாகப் போய், எந்த மண்ணில் என்ன நடந்தது என்று குறிப்பு எடுத்தார். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு விதி கிடைத்துவிடும் என்று நினைத்தார். கிடைக்கவில்லை. ஏன்னா எல்லாரும் மணல், களிமண், சரளைன்னு பெயர் மட்டும் எழுதி வச்சிருந்தாங்க. ஒரு ஊர்க் களிமண் கல் மாதிரி இருக்கும், இன்னொரு ஊர்க் களிமண் கஞ்சி மாதிரி இருக்கும். ரெண்டுக்கும் பெயர் ஒண்ணுதான். பெயர் போதாது, எண் வேணும்னு அவருக்கு அங்கேதான் புரிந்தது. ஆனா ரெண்டு வருஷ உழைப்பு கையில் ஒண்ணும் இல்லாமல் போச்சு. மனசு ஒடிஞ்சு ஊர் திரும்பினார். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். தோத்துட்டு வரும்போதுதான் சரியான கேள்வியோட வந்திருக்கார்.

முதல் உலகப் போர் வந்தது. ராணுவத்தில் இருந்தார். 1916ல் துருக்கியில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்துப் பொறியியல் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனார். அதுதான் இப்ப இஸ்தான்புல். போரில் இவர் நாடு தோற்றதும் அந்த வேலை போயிற்று. அதே ஊரில் அமெரிக்கர்கள் நடத்திய ராபர்ட் கல்லூரியில் வேலை கிடைத்தது. மண்ணைச் சோதிக்க அங்கே ஆய்வகம் கிடையாது. வாங்கப் பணமும் கிடையாது. சுருட்டுப் பெட்டிகளையும், கல்லூரிக் குப்பைமேட்டில் கிடந்த உடைந்த சாமான்களையும் எடுத்துக் கருவி செய்தார்! நம்ம பள்ளிக்கூடத்தில் சோதனைக் குழாய் பத்தலைன்னு நாம ஒதுங்கிப் போறோமே, அதை நினைச்சு எனக்கு வெட்கமா இருந்தது.

அந்தக் கருவியில் அவர் கண்டுபிடிச்சதை எங்க வீட்டு முறுக்கு மாவை வச்சுச் சொல்றேன். மாவு ஆட்டும்போது தண்ணி அதிகமாயிட்டா அம்மா அதை வேட்டித் துணியில் கட்டி, மேல அம்மிக் குழவியைத் தூக்கி வைப்பாங்க. வச்ச உடனே மாவு அமுங்காது. தண்ணி சொட்டுச் சொட்டா வெளியே வர வரத்தான் மூட்டை சுருங்கும். காலையில் பார்த்தா பாதியா இருக்கும். ஈரக் களிமண்ணும் அப்படித்தான். மேலே கட்டிடத்தை ஏத்தினா முதலில் பாரத்தை உள்ளே இருக்கிற தண்ணிதான் தாங்கும். தண்ணி மெல்ல மெல்ல வெளியேறும்போது பாரம் மண் துகள்கள் மேலே இறங்கும், மண் அமுங்கும், கட்டிடமும் கீழே இறங்கும். அதனால்தான் கட்டி முடிச்சுப் பல வருஷம் கழிச்சும் சில கட்டிடங்கள் இறங்கிக்கிட்டே இருக்கு. எவ்வளவு வேகமா இறங்கும்னு கணக்குப் போடுற சமன்பாட்டை 1923ல் வெளியிட்டார். 1925ல் ஜெர்மன் மொழியில் பெரிய புத்தகம் போட்டார். மண் இயந்திரவியல் என்ற பாடமே அந்தப் புத்தகத்தில்தான் பிறந்ததுன்னு சொல்றாங்க. உடனே அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவரை அழைத்தது. ரெண்டு வருஷம் அலைஞ்சு வெறும் கையோட திரும்பின அதே நாடு.

ரூத் டாகெட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். அவரும் நிலவியல் படித்தவர். 1929ல் வியன்னா போனார். 1934ல் பைசா கோபுரம் ஏன் சாய்ந்தது என்று ஒரு கட்டுரை எழுதினார். நாம படத்தில் பார்த்த அதே சாய்ந்த கோபுரம்தான். 1173ல் கட்ட ஆரம்பித்தது. கோபுரத்தில் குறை இல்லை. அடியில் இருக்கிற மென்மையான களிமண் ஒரு பக்கம் அதிகமா அமுங்கிட்டது. 1936ல் மண் இயந்திரவியலுக்கு முதல் உலக மாநாடு அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடந்தது, இவர்தான் தலைவர். 1938ல் ஆஸ்திரியாவை ஜெர்மனி எடுத்துக்கொண்டது. அந்த வருஷம் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கே போய்விட்டார். ஹார்வர்டில் பாடம் நடத்தினார்.

இப்ப அந்த இரும்புக் குண்டுக்கு வருவோம். அதைக் கண்டுபிடிச்சது டெர்சாகி இல்லை. இதை எல்லாரும் தப்பாச் சொல்றாங்கன்னு அக்கா சொன்னாங்க. 1902ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் சார்லஸ் கவ் என்ற காண்டிராக்டர், தண்ணி அடிச்சுத் துளை போட்டா மண்ணு கரைஞ்சு சேறாத்தான் வருது, உள்ளே என்ன இருக்குன்னு தெரியலைன்னு, ஒரு இஞ்சுக் குழாயைக் குண்டால் அடிச்சு இறக்கி மண்ணை முழுசா எடுத்துப் பார்த்தார். 1920களில் குழாயைக் கொஞ்சம் பெரிசாக்கி, எத்தனை அடியில் இறங்குதுன்னு எண்ணவும் ஆரம்பிச்சாங்க. டெர்சாகி செய்தது என்னன்னா, இந்தச் சாதாரண வேலையில் இருக்கிற அருமையைப் பார்த்தார். குண்டு ஒரே எடை, உயரம் ஒரே உயரம், குழாய் ஒரே குழாய் என்று இருந்தால்தான் ஒரு ஊர் எண்ணை இன்னொரு ஊர் எண்ணோட ஒப்பிட முடியும். 1947ல் டெக்சாஸில் நடந்த ஒரு மாநாட்டில் இதைத் தரப்படுத்தப்பட்ட ஊடுருவல் சோதனை என்ற பெயரில் எடுத்துச் சொன்னார். 1948ல் ரால்ஃப் பெக் என்பவரோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தில் எந்த எண்ணுக்கு எந்த மண் என்று பட்டியல் போட்டார். பெக் வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர், சிகாகோ சுரங்க ரயில் வேலையில் அவருக்கு உதவியா இருந்தவர்.

சோதனை ரொம்ப எளிது. குண்டு 63.5 கிலோ. அதை 75 சென்டிமீட்டர் உயரம் தூக்கி விடணும். கம்பியின் நுனியில் ரெண்டாப் பிரிக்கிற மாதிரி ஒரு குழாய் இருக்கும். கம்பியில் 15 சென்டிமீட்டருக்கு ஒரு கோடுன்னு சாக்பீஸால் மூணு கோடு போடுவாங்க. முதல் 15க்கு விழுற அடியைக் கணக்கில் சேர்க்க மாட்டாங்க, ஏன்னா துளை போடும்போது அந்த மண் கலைஞ்சிருக்கும். அடுத்த ரெண்டையும் கூட்டினா வர்றதுதான் அந்த இடத்து எண். அதுக்கு ஆங்கில எழுத்தில் என் மதிப்புன்னு பேர். அக்கா என் மதிப்பு என்னன்னு கேட்டப்ப, அவங்களோட மதிப்பைத்தான் கேக்கிறாங்கன்னு நினைச்சு முழிச்சேன்!

மணலில் 4க்குக் கீழே வந்தா ரொம்பத் தளர்ந்த மண். 10 வரைக்கும் தளர்ச்சி. 30 வரை நடுத்தரம். 50 வரை கெட்டி. அதுக்கு மேல ரொம்பக் கெட்டி. களிமண்ணுக்கு வேற பட்டியல், அதில் 2க்குக் கீழே வந்தா கை வச்சாலே அமுங்கும், 30க்கு மேல போனா ரொம்ப இறுகிய மண்.

நான் எண்ணினதைச் சொல்றேன். வேப்பமரத்துப் பக்கம் முதல் துளை. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 9, 13, 15. முதல் 9ஐ விட்டுட்டா 28. மறுநாள் கண்மாய்ப் பக்கம் ரெண்டாவது துளை. அதே ஆழம். 2, 2, 3. எண் 5தான்! ரெண்டு துளைக்கும் நடுவே நான் காலால் அளந்தேன், நாற்பது எட்டுதான் வந்தது. மேலே பார்த்தா ரெண்டும் ஒரே செம்மண், ஒரே புல்லு. ரெண்டு இடத்திலும் நாம கபடி விளையாடி இருக்கோம். கண்மாய்ப் பக்கம் மூணு மீட்டரில் 7, நாலரை மீட்டர் போனதுக்கு அப்புறம்தான் 19 வந்தது.

மூணாவது துளையில் ஒரு வேடிக்கை. முதல் 15க்கு 6 அடி, அடுத்ததுக்கு 8. மூணாவது கோட்டில் 50 அடி அடிச்சும் இறங்கலை. ஆகா, இங்கேதான் பூமி ரொம்பக் கெட்டின்னு நான் குதிச்சேன். அக்கா சிரிச்சாங்க. அது மண்ணு இல்ல, குறுக்கே கிடக்கிற ஒரு கல்லுன்னு சொல்லி, கொஞ்சம் தள்ளி மறுபடியும் போடச் சொன்னாங்க. அங்கே 11தான் வந்தது. அந்த 50ஐ நம்பி இருந்தா என்ன ஆகி இருக்கும்? எண்ணை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்று டெர்சாகியும் எழுதி இருக்கிறார். முக்கியமா களிமண்ணுக்கு இந்த எண் ஒரு குத்துமதிப்புதான், மண்ணை எடுத்துப் போய் ஆய்வகத்தில் பார்க்கணும் என்பது அவர் கருத்து.

மண் ஒரே சீரா இல்லாத இடத்தைப் பற்றி அவரும் பெக்கும் நிறைய எழுதி இருக்காங்க. எனக்குப் புரிஞ்ச அளவு இதுதான். ஆற்றுப் படுகை, பழைய பள்ளம், நிரப்பின இடம் இப்படி இருந்தா ஒரே ஒரு துளையை ரொம்ப நுணுக்கமாச் சோதிச்சுப் பிரயோஜனம் இல்லை. பல இடத்தில் தட்டிப் பார்க்கணும். மணல் நிலம்னா, ஒவ்வொரு துளையிலும் அஸ்திவாரத்துக்குக் கீழே கிடைக்கிற எண்களுக்குச் சராசரி எடுத்து, அந்தச் சராசரிகளில் எது ரொம்பக் குறைவோ அதை வச்சுத்தான் அஸ்திவாரத்தின் அகலத்தை முடிவு பண்ணணும். நல்ல இடத்து 28ஐயும் மோசமான இடத்து 5ஐயும் கூட்டிப் பாதி போடக் கூடாது. நாம மார்க்குக்குச் சராசரி போடுற மாதிரி இங்கே போட்டா கட்டிடம் ஃபெயில்.

கட்டிடம் இறங்குறதுகூடப் பெரிய ஆபத்து இல்லையாம். வீடு முழுக்க ஒரே அளவு இறங்கினா சுவருக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு மூலை நின்னு, ஒரு மூலை இறங்கினாத்தான் சுவர் கிழியும். எவ்வளவு கவனமாக் கட்டினாலும் தூணுக்குத் தூண் கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும். அதனால் மணல் நிலத்தில் எந்தத் தூணும் ஒரு அங்குலத்துக்கு மேல இறங்காதபடி அஸ்திவாரம் போட்டுட்டா, தூண்களுக்குள் வர்ற வித்தியாசமும் கட்டிடம் தாங்குற அளவுக்குள்ள நிக்கும்னு அவங்க சொன்னாங்க.

இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்டச் சொன்னேன். அப்பா சாப்பாட்டில் கை வச்சபடியே கேட்டுக்கிட்டு இருந்தாரு. அப்பத்தா திண்ணையில் இருந்து, அந்தக் கிழக்கு மூலையில்தானே முந்தி சூளைக்கு மண் எடுத்த பள்ளம் கிடந்ததுன்னு சொல்லுச்சு. குப்பையும் சாம்பலும் கொட்டிக் கொட்டி மேடாயிட்டதாம். நாங்க வீடு கட்டினப்ப அப்பத்தா அத்தை ஊரில் இருந்தாங்க, யாரும் கேட்கலை. மூணு மூலை பழைய மண்ணில், ஒரு மூலை குப்பையில். அப்பா கையைக் கழுவிட்டு டார்ச் எடுத்துக்கிட்டுப் போய் அந்த விரிசலை ரொம்ப நேரம் பார்த்தாரு. சிமெண்டும் இல்ல, மணலும் இல்லன்னு மட்டும் சொன்னாரு.

டெர்சாகி வயதான பிறகும் ஓயவில்லை. எகிப்தில் அஸ்வான் உயர் அணைக்கு ஆலோசகர் குழுத் தலைவராக இருந்தார். வடிவமைப்பில் கருத்து ஒத்துப் போகாததால் 1959ல் பதவியே வேண்டாம் என்று விலகிவிட்டார். கனடாவில் மிஷன் அணை என்று ஒன்று. சுமார் 60 மீட்டர் உயரம். அடியில் களிமண்ணும் மணலும் சரளையுமாக் கலந்து கிடந்த பள்ளத்தாக்கு. அதில் எப்படிக் கட்டுவது என்று வழி சொன்னவர் இவர். கட்டும்போதும் கட்டினதுக்கு அப்புறமும் அளந்துக்கிட்டே இருக்கணும், மண் நாம நினைச்ச மாதிரி நடக்கலைன்னா திட்டத்தை மாத்திக்கணும் என்பது அவர் வேலை செய்யும் முறை. அமெரிக்கக் கட்டிடப் பொறியாளர் சங்கத்தின் நார்மன் பதக்கம் அவருக்கு நாலு தடவை கிடைத்தது. 1963 அக்டோபர் 25ல், தன் 80ஆம் வயதில், அமெரிக்காவில் இறந்தார். 1965ல் அந்த மிஷன் அணைக்கு டெர்சாகி அணை என்று பெயர் மாற்றினார்கள்.

எங்க வீட்டுக்கு அடுத்த மனை சித்தப்பாவோடது. தை மாதம் வீடு ஆரம்பிக்கணும்னு பேச்சு. அப்பாதான் கொத்தனார். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வானம் தோண்டுறதுக்கு முந்தி (அஸ்திவாரக் குழியைத்தான் அப்பா வானம்னு சொல்லுவாரு) நாலு மூலையிலும் ஒரு இரும்புக் கம்பியைச் சம்மட்டியால் அடிச்சு இறக்கினாரு. நான் நோட்டை எடுத்துக்கிட்டுப் போய் எண்ணினேன். கையால் அடிக்கிற அடி ஒரே மாதிரி இருக்காது, டெர்சாகி பட்டியலில் வச்சு இதைப் பார்க்க முடியாது, ஒரு மூலையை இன்னொரு மூலையோட ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஆகும்னு அப்பாகிட்ட முதலிலேயே சொல்லிட்டேன். அப்பா சரி டீச்சர்னு சொன்னாரு. ஒரு அடிக் கம்பி இறங்க மேற்கில் 22, வடக்கில் 24, தெற்கில் 21. எங்க வீட்டுச் சுவரை ஒட்டின மூலையில் 9.

அந்த மூலையில் அப்பா இப்பத் தோண்டிக்கிட்டு இருக்காரு. மூணடியில் சாம்பலும் வெந்த செங்கல் துண்டும் வந்திருக்கு. இன்னும் அடி மண் வரலை.